முதல் பத்துப் பேர்

டிசம்பர் 9, செவ்வாய்

காலையில் நாற்காலி மறுபடி இறங்கியிருந்தது. என் உயரத்துக்கு ஏற்றி வைத்துவிட்டுத்தான் தினமும் வீட்டுக்குப் போகிறேன். மறுநாள் வந்து உட்கார்ந்தால் முழங்கால் மடங்கி நெஞ்சுக்கு வருகிறது. துடைக்க வரும் அம்மா லீவரைத் தட்டிவிடுகிறார் போலிருக்கிறது. நான் இங்கே சேர்ந்த நாளிலிருந்து தட்டுகிறார். கேட்கலாம்தான். கண் தெரியாதவன் நாற்காலிக்கும் சண்டை போடுகிறான் என்பார்கள்.

ஷாநவாஸ் வந்தான். எங்கள் ஆய்வகத்தின் கம்ப்யூட்டர்கள் எல்லாம் அவன் பொறுப்பு. வெள்ளிக்கிழமை ஷெல்லுக்குப் பெரிய அப்டேட் போடப்போகிறானாம். இருப்பதே போதும் என்றேன். பழைய வெர்ஷனை இனி யாரும் பராமரிக்க மாட்டார்கள், வேறு வழியில்லை சார் என்றான்.

ஷெல் என்றால் என்ன என்று கல்யாணமான புதிதில் பிலோமினா கேட்டாள். மளிகைக் கடைக்காரர் மாதிரி என்றேன். நான் ஒரு வரி தட்டிக் கேட்பேன், அது பதில் கொடுக்கும். அடுத்த வரி கேட்பேன், அடுத்த பதில். கேட்காததைக் கொடுக்காது, கொடுத்ததை மாற்றாது. திரையில் வருவதை என் காதில் வாசித்துச் சொல்ல ஒரு குரல் இருக்கிறது. அதற்கு அம்மணி என்று பெயர் வைத்திருக்கிறேன். கோயம்புத்தூரில் வேலை பார்த்துக்கொண்டு வேறென்ன பெயர் வைப்பது?

எங்கள் வேலையையும் எழுதிவிடுகிறேன். பிறந்த குழந்தையின் குதிகாலில் குத்தி ஒரு பொட்டு இரத்தத்தை அட்டையில் காயவைத்து ஆஸ்பத்திரிகள் எங்களுக்கு அனுப்புகின்றன. தைராய்டு சுரக்காத குழந்தையைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. மற்றக் குழந்தைகளைப் போலத்தான் இருக்கும். பிறந்த சில வாரத்துக்குள் மாத்திரை ஆரம்பித்தால் படிக்கும், ஓடும், சண்டை போடும். விட்டுவிட்டால் மூளை வளராது, பிறகு எத்தனை மாத்திரை கொடுத்தாலும் போனது போனதுதான். மெஷின் அளந்து கொடுக்கும் எண்களிலிருந்து அளவு மீறிய குழந்தைகளைப் பிரித்து, தினமும் மதியம் ரீகால் பட்டியல் எடுப்பவன் நான். அதை வைத்துத்தான் போன் செக்‌ஷன் பெற்றோரைக் கூப்பிட்டு வரவழைக்கும். பார்வை உள்ளவர்களால் பார்க்க முடியாத நோயைக் கண்டுபிடிக்கிற இடத்தில் லூர்துசாமி உட்கார்ந்திருக்கிறான். இதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. இருக்கட்டும்.

கேஸ் புக் பண்ணியாயிற்று.

டிசம்பர் 12, வெள்ளி

போட்டுவிட்டான் அப்டேட். இன்று முழுக்க அம்மணிக்குத் திக்குவாய்.

முன்பு நான் தட்டும் வரி நான் தட்டியபடி நிற்கும். இப்போது ஓர் எழுத்து தட்டினால் ஷெல் முழு வரியையும் புதிதாக வரைகிறது. அம்மணி முதலிலிருந்து வாசிக்கிறாள். கலர் கலராக இருக்கிறதாம். அடைப்புக்குறியைத் திறந்தால் அதுவே மூடிக்கொள்கிறது, நானும் ஒன்று மூட, இரண்டாகிவிடுகிறது. ஒரு சின்னப் பிழைக்கு முன்பு இரண்டு வரி திட்டும். இப்போது ஒரு கதாகாலட்சேபமே நடத்துகிறது.

இவற்றையெல்லாம் சகித்துக்கொள்வேன். சகிக்க முடியாதது ஒன்று இருக்கிறது. நான் நாலு எழுத்து தட்டியதும், முன்பு எப்போதோ அப்படித் தொடங்கிய வரியைத் தேடி எடுத்து, மிச்சத்தை முன்னால் சாம்பல் நிறத்தில் நீட்டுகிறது. வலது அம்புக்குறியை அழுத்தினால் அந்த மிச்சம் என் வரியோடு சேர்ந்துகொள்ளும். டைப் பண்ணுகிற வேலை மிச்சம் சார் என்று ஷாநவாஸ் பெருமையாகச் சொன்னான். பார்க்கிறவனுக்குச் சாம்பல் எது, வெள்ளை எது என்று தெரியும். அம்மணிக்கு நிறமெல்லாம் கிடையாது. நான் தட்டியதையும் அது நீட்டியதையும் ஒரே மூச்சில் ஒரே வரியாக வாசிக்கிறாள்.

அப்படி நீட்டுவதற்கு நான் வால் என்று பெயர் வைத்தேன். ஷாநவாஸ் சிரித்தான். நான் சிரிக்கவில்லை.

டிசம்பர் 15, திங்கள்

வாலோடு ஒரு நாள். தலைவலி. மாத்திரை போட்டுக்கொண்டேன்.

டிசம்பர் 17, புதன்

விசித்திரமாக ஒன்று. ரீகால் பட்டியல் எடுக்கும் வரியைத் தட்டி முடித்தேன். அம்மணி அதை வாசித்துவிட்டு, கூடவே 'டாட் ஹெட் டென்' என்றாள். பட்டியலின் தலைப்பகுதியை, முதல் பத்துப் பேரை மட்டும் காட்டு என்று அர்த்தம். ஒரு பட்டியல் எப்படி இருக்கிறது என்று மேலோட்டமாகப் பார்க்க நினைப்பவர்கள் தட்டுவது. நான் மேலோட்டமாக எதையும் 'பார்ப்பதில்லை'. என் வாழ்நாளில் அதை நான் தட்டியது கிடையாது.

ஷெல் தானாகக் கற்பனை செய்கிறதா என்று ஷாநவாஸைக் கேட்டேன். இல்லை சார், இந்த மெஷினில் யாராவது எப்போதாவது தட்டியிருந்தால்தான் வரும் என்றான். இந்த மெஷினில் நான் மட்டும்தானே தட்டுகிறேன் என்றேன். பிரிண்டரைப் பார்க்கணும் என்று அவன் போய்விட்டான். எப்போதும் வாயாடும் பையன்.

டிசம்பர் 18, வியாழன்

எழுதிவிடுகிறேன், எழுதாவிட்டால் வெடித்துவிடும் போலிருக்கிறது.

பக்கத்து மேஜை வசுமதியிடம் கேட்டேன். அட்டைகளின் விவரங்களைப் பதிவு செய்பவள், நான் சேர்ந்த அதே மாதம் சேர்ந்தவள். டாட் ஹெட் டென் தட்டியது யார் என்றேன். அவள் கையிலிருந்த அட்டைக்கட்டைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

"நாந்தானுங்க சார்" என்றாள்.

தினமும் ஐந்து மணிக்கு நான் கிளம்பிய பிறகு அவள் என் இடத்தில் உட்கார்ந்து அதே வரியைத் தட்டிப் பார்த்து, வந்த பெயர்களை மெஷின் பிரிண்ட்டோடு ஒத்துப் பார்த்திருக்கிறாள். ஒரு நாளைக்கு நாலு பேர், ஐந்து பேர்தான் வருவார்கள், முதல் பத்தைப் பார்த்தாலே போதும். நான் சேர்ந்த வாரமே ஆய்வகத் தலைவர் டாக்டர் கிருபாகரன் அவளைக் கூப்பிட்டு, லூர்துவுக்குத் தெரிய வேண்டாம், தினமும் ஒரு தடவை பார்த்துவிடு என்று சொன்னாராம். ஆறு வருஷம் பார்த்திருக்கிறாள். ஷாநவாஸுக்குத் தெரியும். போன் செக்‌ஷனுக்குத் தெரியும். நாற்காலியைத் தட்டிவிடுவது துடைக்க வரும் அம்மா இல்லை. வசுமதி குள்ளம்.

"எத்தனை தப்பு கண்டுபிடிச்சீங்க?"

"ஒண்ணுமில்லீங்க சார்."

"ஒண்ணுமே இல்லையா?"

"ஒண்ணுமே இல்லீங்க. நானும் டாக்டர்கிட்ட ரெண்டு மூணு வாட்டி சொன்னேனுங்க, வேண்டாம் சார், அவரு கரெக்டா பண்றாருன்னு. இருக்கட்டும், பாருன்னுட்டாரு."

ஒரு தப்புகூட இல்லை என்பது எனக்கு ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். அதுதான் என்னை இன்னும் கொளுத்துகிறது. தப்பு செய்திருந்தால் பின்னால் ஆள் போட்டதில் நியாயம் இருக்கும்.

டிசம்பர் 19, வெள்ளி

டாக்டர் அறைக்குப் போனேன். கத்தவில்லை. இங்கே வேறு யாருடைய வேலையை இப்படி மறைவாகச் சரிபார்க்கிறீர்கள் என்று மட்டும் கேட்டேன். மனிதருக்குச் சங்கடம். உங்கள் மேல் சந்தேகமில்லை, குழந்தைகள் விஷயம், ஒரு பாதுகாப்புக்கு என்றார். அப்படியானால் மெஷின் ஓட்டும் ராகவேந்திரனின் வேலையையும் யாராவது பார்க்கிறார்களா என்றேன். மேஜையிலிருந்த காகிதங்களை அடுக்க ஆரம்பித்தார்.

இன்றோடு அது நிற்க வேண்டும், இல்லாவிட்டால் நான் நிற்கமாட்டேன் என்றேன். சரி லூர்து, நிறுத்திவிடுகிறேன் என்றார். கைகொடுத்தார். கை ஈரமாக இருந்தது.

ஜெயித்துவிட்டேன். வரும் வழியில் அரைக் கிலோ ஜிலேபி வாங்கினேன்.

டிசம்பர் 21, ஞாயிறு

பூசை முடிந்து வந்து பிலோமினாவிடம் முழுவதும் சொன்னேன். என்னோடு சேர்ந்து கொதிப்பாள் என்று நினைத்தேன். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டே, பள்ளிக்கூடத்தில் அவள் போடும் மார்க்கை இன்னொரு டீச்சர் கூட்டிப் பார்ப்பதைச் சொன்னாள்.

"அது எல்லாருக்கும் உண்டு" என்றேன். "எனக்கு மட்டும்னா என்ன அர்த்தம்?"

"உங்களுக்கு மட்டும்னா தப்புதாங்க. அப்ப எல்லாருக்கும் வைக்கச் சொல்லியிருக்கலாம்ல. எடுக்கச் சொல்லிட்டு வந்திருக்கீங்க."

இவளிடம் சொன்னது என் தப்பு.

டிசம்பர் 23, செவ்வாய்

வாலை அணைக்க ஒரே ஒரு வரி போதுமாம். வசுமதி எங்கேயோ படித்துவிட்டு வந்து சொன்னாள். அம்மணிக்கு இது சரிப்படாது, அணைத்துவிடுங்கள் சார் என்றாள். குற்றவுணர்ச்சி போலிருக்கிறது, இரண்டு நாளாக டீயும் அவளே கொண்டுவந்து வைக்கிறாள்.

அணைக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். காரணம் இருக்கிறது. என் முதுகுக்குப் பின்னால் என்னென்ன நடந்தது என்பதற்கு வேறு சாட்சி கிடையாது. பாதி வரி தட்டிவிட்டு நிறுத்தினால் மீதியை அம்மணி சொல்லிவிடுகிறாள். இப்படித் தோண்டித் தோண்டிக் கேட்கிறேன்.

ஹாஷ் குறி போட்டுத் தட்டினால் அதை ஷெல் கண்டுகொள்ளாது. மனிதர்கள் தங்களுக்காக எழுதிக்கொள்ளும் குறிப்பு அது. நான் அப்படி எழுதுவதில்லை. இன்று சும்மா ஒரு ஹாஷ் போட்டுப் பார்த்தேன். உடனே அம்மணி, 'எல்.எஸ். ஓகே' என்றாள்.

எல்.எஸ். என்றால் நான். ஒவ்வொரு நாளும் பார்த்து முடித்ததும் வசுமதி போட்டுவிட்டுப் போன குறிப்பு.

திரும்பவும் ஹாஷ் போட்டேன். எல்.எஸ். ஓகே. ஆதாரம் சேர்க்கத்தான் கேட்கிறேன்.

ஜனவரி 2, வெள்ளி

நாற்காலி நான் விட்ட உயரத்திலேயே இருக்கிறது. இரண்டு வாரமாயிற்று. உட்காரும்போது ஒவ்வொரு முறையும் சந்தோஷமாக இருக்கிறது. சின்ன விஷயம்தான். இருந்தாலும்.

மதியம் ஒரு கூத்து. ஒரு வரியைத் தட்டியதும் அதன் தொடக்கத்துக்குப் போய், வலது அம்புக்குறியால் ஒவ்வோர் எழுத்தாக நகர்ந்து கேட்டுச் சரிபார்ப்பது என் பழக்கம். கண் உள்ளவர்கள் ஒருமுறை பார்த்துவிட்டு எண்டர் தட்டுவார்கள். நாங்கள் எழுத்தெழுத்தாகத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் தட்டுவோம். இன்று கடைசி எழுத்துக்கு அப்புறமும் விரல் ஒரு முறை கூடுதலாக அழுத்திவிட்டது. வால் வந்து என் வரியில் ஒட்டிக்கொண்டது. வரி முடிந்த இடத்துக்கு அப்பாலும் எழுத்து இருப்பதைக் கவனித்து, சத்தமாகத் திட்டிக்கொண்டே உடனே அழித்தேன். ஒன்றும் ஆகவில்லை.

சத்தம் கேட்டு வசுமதி எழுந்து வந்தாள். "இதுக்குத்தானுங்க சார் சொன்னேன். அந்த வால் நிசமா ஒட்டியிருக்கா, சும்மா நிக்குதான்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? ரெண்டையும் அது ஒரே மாதிரி தானுங்களே சொல்லும்?"

என் காது எனக்கு வேலை செய்கிறது என்றேன். வாலைத் தள்ளிவிட்டு உடம்பை மட்டும் கேட்கப் பழகிக்கொண்டேன் என்றேன். உண்மைதான். வீட்டில் டிவி ஓடினாலும் நாம் பேசிக்கொள்வதில்லையா?

அவள் இடத்துக்குப் போனாள்.

ஜனவரி 8, வியாழன்

குளியலறைக் குழாய் ஒழுகுகிறது. பிளம்பர் நாளை என்கிறார். எல்.எஸ். ஓகே.

ஜனவரி 14, புதன்

போகிப் புகை. இருமல். நாளையிலிருந்து ஞாயிறு வரை விடுமுறை. ஆஸ்பத்திரிகளுக்கு ஏது விடுமுறை, அட்டைகள் வந்து குவியும். குழந்தைகள் பொங்கல் பார்த்தா பிறக்கின்றன.

ஜனவரி 19, திங்கள்

நினைத்தது போலவே குவியல். ராகவேந்திரன் காலையிலிருந்து மெஷினை நிறுத்தாமல் ஓட்டினார். எண்கள் என்னிடம் வரவே நாலரை ஆகிவிட்டது. அதற்குள் பிலோமினா மூன்று முறை போன். பிளம்பர் ஒருவழியாக வந்துவிட்டார், அவள் பள்ளிக்கூடத்தில் மாட்டிக்கொண்டாள், பூட்டிய வீட்டு வாசலில் ஆள் நிற்கிறார், நீங்கள் கிளம்புங்கள் என்று.

வரியைத் தட்டினேன், தொடக்கத்துக்குப் போய் அம்புக்குறியால் நகர்ந்து சரிபார்த்தேன். எல்லாம் சரி. அம்மணி முழுவதும் வாசித்து, வழக்கம்போல் டாட் ஹெட் டென் என்று வாலையும் ஆட்டினாள். எண்டர். பட்டியல் போன் செக்‌ஷனுக்குப் போயிற்று. அங்கிருந்த பெண், "இன்னிக்கு சரியா பத்து பேர் சார்" என்றாள். பொங்கல் போனஸ் என்றேன்.

பையை எடுத்துக்கொண்டிருந்தபோது வசுமதி பக்கத்தில் வந்து நின்றாள். அவள் வைக்கும் மல்லிகையின் வாசனை எனக்குத் தெரியும்.

"சார், இன்னிக்கு மட்டும் ஒருக்கா பாத்துடட்டுங்களா? சாம்பிள் ரொம்ப ஜாஸ்தி. டாக்டருக்குத் தெரிய வேண்டாமுங்க."

வந்த கோபத்துக்கு அளவில்லை. நாற்காலியை அதன் உயரத்திலேயே விடுங்கள் என்று மட்டும் சொன்னேன். சரிங்க சார் என்றாள்.

குழாய் சரியாகிவிட்டது. வாஷர் தேய்ந்திருந்ததாம்.

பிப்ரவரி 11, புதன்

மாதாந்தரக் கூட்டத்தில் டாக்டர் என்னைப் பாராட்டினார். அப்டேட்டுக்குப் பிறகும் ஒரு நாள்கூடத் தாமதமில்லாமல் பட்டியல் கொடுக்கிறார் லூர்து என்றார். எல்லாரும் கைதட்டினார்கள். வசுமதி கைதட்டினாளா என்று தெரியவில்லை.

மார்ச் 3, செவ்வாய்

வெயில் ஆரம்பித்துவிட்டது. பிலோமினா மோர்மிளகாய் போட்டிருக்கிறாள். எழுத வேறொன்றுமில்லை.

ஏப்ரல் 8, புதன்

டாக்டர் கூப்பிட்டார். கதவைச் சாத்தச் சொன்னார்.

பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து ஒரு குழந்தை. ஆண். மூன்று மாதம் ஆகப்போகிறது. மலச்சிக்கல் என்று தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். நாக்கு தடித்து வெளியே நின்றதைப் பார்த்த டாக்டரம்மா சந்தேகப்பட்டு இரத்தம் எடுத்திருக்கிறார். தைராய்டு சுத்தமாக இல்லை. பிறந்தபோதே குதிகாலில் எடுத்தார்களே, ரிப்போர்ட் எங்கே என்று கேட்டு எங்களுக்குப் போன்.

அந்தக் குழந்தையின் அட்டை ஜனவரி 19 அன்று மெஷினில் ஓடியிருக்கிறது. அளவு எக்கச்சக்கமாக மீறியிருக்கிறது. மெஷின் சரியாகத்தான் சொல்லியிருக்கிறது. அன்றைக்கு ரீகால் பட்டியலில் பதின்மூன்று பேர் இருந்திருக்க வேண்டும். போனது பத்து. விடுபட்டவர்களில் இரண்டு குழந்தைகளுக்கு அளவு எல்லைக்கோட்டில் இருந்தது, இன்று அவசரமாக வரவழைத்துப் பார்த்ததில் இரண்டும் நன்றாக இருக்கின்றன. பன்னிரண்டாவது பெயர்தான் இந்தக் குழந்தை.

"எப்படி லூர்து?" என்று டாக்டர் கேட்டார். அதட்டவில்லை. எனக்குத் தெரியவில்லை என்றேன்.

சாப்பிட முடியவில்லை. பிலோமினா நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். காய்ச்சல் இல்லை.

ஏப்ரல் 9, வியாழன்

ஷாநவாஸ் அன்றைய வரிகளைத் தோண்டி எடுத்தான். ஜனவரி 19, மாலை, என் பட்டியல் வரி. அதன் கடைசியில் டாட் ஹெட் டென்.

டாக்டர், ராகவேந்திரன், வசுமதி, நான், நாலு பேர் முன்னால் அவன் செய்து காட்டினான். அம்புக்குறியை ஒரு தடவை கூடுதலாக அழுத்தினால் போதும் சார், வால் ஒட்டிக்கொள்ளும், சாம்பலாக இருந்தது வெள்ளையாகிவிடும், பார்க்கிறவர்களுக்குத் தெரியும் என்றான். 'பார்க்கிறவர்களுக்கு' என்று சொல்லும்போது அவன் குரல் இறங்கியது. அறையில் எல்லாருக்கும் ஒரு பெருமூச்சு வந்தது. காரணம் கிடைத்துவிட்டது, அது யார் மேலும் இல்லை.

"அந்தக் குரல் இதைச் சொல்லுமா லூர்து?" என்று டாக்டர் கேட்டார்.

"நிறத்தைச் சொல்லாது சார்" என்றேன்.

பொய்யில்லை. நிறத்தைச் சொல்லாது.

டாக்டர் அறிக்கையை வாசித்துக் காட்டினார். மென்பொருளின் புதிய பதிப்பில் வந்த மாற்றத்தால் நேர்ந்தது, பார்வையற்ற பணியாளர் இதை அறிந்திருக்க இயலாது என்று. யாரும் உங்களை ஒரு வார்த்தை சொல்ல முடியாது என்று என் தோளைத் தட்டினார். வெளியே வரும்போது ராகவேந்திரன் என் கையைப் பிடித்து வழிகாட்டிக்கொண்டு வந்தார். அந்த வராந்தாவில் நான் இதுவரை யார் கையையும் பிடித்து நடந்ததில்லை. நான் கையை எடுக்கவில்லை.

அன்று அம்மணி என்ன சொன்னாள் என்று எனக்கு நினைவில்லை. மூன்று மாதத்துக்கு முந்தைய ஒரு மாலை யாருக்குத்தான் நினைவிருக்கும்.

ஏப்ரல் 10, வெள்ளி

குழந்தையோடு அம்மா வந்திருந்தாள். டாக்டர் அறை என் மேஜைக்கு அடுத்ததுதான். கதவு முழுக்கச் சாத்தவில்லை.

சின்னப் பெண்ணின் குரல். பெயர் கோகிலவாணி என்று டாக்டர் எழுதிக்கொண்டே சொன்னதைக் கேட்டேன். அவள் சண்டை போடுவாள் என்று எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தேன். அவள் சண்டை போடவில்லை.

"ரொம்ப சமத்துன்னு சொன்னாங்க சார், வர்றவங்க எல்லாம். அழவே மாட்டான். பாலுக்குக்கூட நாந்தான் எழுப்போணும். எங்க மாமியா, உனக்குக் குடுத்து வெச்சிருக்குன்னு சொன்னாங்க. நானும் அப்படித்தான் நெனச்சுட்டு இருந்தனுங்க."

மாத்திரை ஆரம்பித்தாகிவிட்டது, இனிமேல் போகப்போகத்தான் தெரியும் என்றார் டாக்டர். எது தெரியும் என்று அவள் கேட்டாள். அவர் ஏதோ மெதுவாகச் சொன்னார். பேசுவானுங்களா என்று கேட்டாள்.

கிளம்பும்போது குழந்தை அழுதது. குழந்தை அழுகிற மாதிரி இல்லை. கரகரவென்று, தாழ்ந்து, தொண்டை கட்டிய பெரியவர் யாரோ முனகுவது போல. அந்த நோயில் குரல் அப்படித்தான் இருக்கும் என்று நான் படித்திருக்கிறேன். எத்தனையோ குழந்தைகளின் எண்களைப் பிரித்திருக்கிறேன், ஒரு குழந்தையின் சத்தத்தைக்கூட நான் கேட்டதில்லை. இப்போது கேட்டுவிட்டேன். சாப்பிடும்போது கேட்கிறது, பேருந்தில் கேட்கிறது, பூசையில் பாட்டுக்கு நடுவிலும் கேட்கும் என்று நினைக்கிறேன்.

ஏப்ரல் 13, திங்கள்

நாளை சித்திரை ஒன்று, சீக்கிரம் மூடிவிட்டார்கள். எல்லாரும் போய்விட்டார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மல்லிகை வாசனை வந்தது.

"உங்களுக்குக் கேட்டிருக்கும் சார்" என்றாள் வசுமதி.

நான் பையின் ஜிப்பை மூடினேன்.

"கேட்டிருக்கும். அது சொல்லியிருக்கும், நீங்க வாலுன்னு தள்ளியிருப்பீங்க. அணைச்சிடுங்கன்னு நான் அப்பவே சொன்னனுங்களே."

டாக்டர் உன்னைக் கேட்டாரா என்றேன். முதல் தடவையாக அவளை நீ என்றேன், ஏனென்று தெரியவில்லை.

"கேட்டாருங்க. அந்த வாலைப் பத்தி முன்னாடியே சாருக்குத் தெரியுமான்னு கேட்டாரு. தெரியாதுன்னு சொல்லிட்டனுங்க." கைப்பையைத் தோளில் மாட்டும் சத்தம் கேட்டது. "நானும் அன்னிக்குப் பாத்திருக்கோணும். நீங்க திட்டினா திட்டிட்டுப் போறீங்கன்னு பாத்திருக்கோணும். அந்தப் புள்ளையோட மூஞ்சியப் பாத்தேனுங்க சார்."

செருப்புச் சத்தம் வராந்தா முழுக்கக் கேட்டு, படியில் இறங்கியது.

ஆறு வருஷமாகச் செய்ததையே இன்றைக்கும் செய்திருக்கிறாள். என் பின்னால் வந்து, எல்லாவற்றையும் ஒத்துப் பார்த்து, யாரிடமும் சொல்லாமல் போகிறாள். இந்த முறை மட்டும் தப்பு இருந்தது.

நாளை மறுநாள் டாக்டரிடம் போய்ச் சொல்லலாம். கேட்டது சார், தள்ளிவிட்டேன் என்று நாலு வார்த்தை. சொன்னால், கண் தெரியாததால் நடந்தது இல்லை என்று ஆகும். அதைத்தான் என் வாழ்நாள் முழுவதும் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஏப்ரல் 15, புதன்

டாக்டர் அறை வரை போனேன். கதவைத் தட்டவும் செய்தேன். வாங்க லூர்து, பார்த்து, பார்த்து, அங்கே நாற்காலி இருக்கிறது என்று எழுந்து வந்து என்னைப் பிடித்து உட்காரவைத்தார். அந்த நாற்காலி எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அரைநாள் லீவு வேண்டும் என்று கேட்டுவிட்டு வந்துவிட்டேன்.

ஷாநவாஸ் வாலை அணைத்துவிட்டிருக்கிறான். இப்போது ஷெல் நான் தட்டியதை மட்டும் சொல்கிறது, பழையபடி. ஒரு ஹாஷ் போட்டுக் காத்திருந்தேன். அம்மணி 'ஹாஷ்' என்றாள். அவ்வளவுதான். இன்னொன்று போட்டேன். ஹாஷ்.

எழுத மறந்துவிட்டேன். காலையில் வந்து உட்கார்ந்தபோது நாற்காலி இறங்கியிருந்தது, மல்லிகை வாசனை அதில் இன்னும் இருந்தது. லீவர் எங்கே இருக்கிறது என்று கைக்குத் தெரியும். நான் ஏற்றவில்லை, அப்படியே உட்கார்ந்து பட்டியலைத் தட்டினேன்.